பேசாத பிள்ளைக்கு முதலில் தேவை ஒரு கூட்டாளி: ஆங்கிலம் கற்கும் சிறுவர்களின் உணர்வுகள், நட்பு வட்டம் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான்காவதாக ஒரு சிறுமி சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறாள். கோபுரம் சாயப்போவது அவளுக்குத்தான் முதலில் தெரிகிறது. அதைச் சொல்வதற்கான ஆங்கிலச் சொல்லும் தெரியும், போன வாரம்தான் படித்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. கோபுரம் சரிகிறது. மூவரும் கத்திச் சிரிக்கிறார்கள். அவளும் ஓசையில்லாமல் சிரிக்கிறாள். தூரத்திலிருந்து பார்த்த ஆசிரியர் குறிப்பேட்டில் எழுதுகிறார்: "சொல்வளம் போதாது."

சொல் அவளிடம் இருந்தது. அந்த மூவருக்கு நடுவே அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் வேறு மொழி பேசி, பள்ளியில் ஆங்கிலம் வழியாகப் படிக்கும் 5 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் படிக்கும் வகுப்புகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அங்கேயும் பிள்ளைகளின் வாயை அடைப்பது பெரும்பாலும் பக்கத்து பெஞ்சின் சிரிப்புதான். பாடத்திட்டம், இலக்கணம், எழுத்துப் பயிற்சி பற்றி ஏராளமாகப் பேசிவிட்டோம். ஒரு பிள்ளை யாரோடு உட்கார்கிறது, யார் அதைத் தங்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், அது தடுமாறும்போது சுற்றியிருப்பவர்களின் முகம் எப்படி மாறுகிறது என்பவற்றைத் திட்டமிட்டுக் கவனிப்பவர்கள் குறைவு. மொழி வளர்வது அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொடங்கும் முன்: உள்ளே என்ன நடக்கிறது?

மொழி வகுப்பில் எழும் பதற்றத்தை அளப்பதற்காக எலைன் ஹார்விட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1986-ல் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அந்தப் பதற்றத்தை மூன்று பயங்களோடு தொடர்புபடுத்தினார்கள்: பேசுவதில் உள்ள தயக்கம், தேர்வு பயம், மற்றவர்கள் தன்னைக் குறைவாக எடைபோட்டுவிடுவார்களோ என்ற பயம். அவர்கள் ஆராய்ந்தது கல்லூரி மாணவர்களை. சிறுவர்களிடம் நான் பார்த்தவரை மூன்றாவது பயமே மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. தேர்வில் குறைந்த மதிப்பெண் மாலைக்குள் மறந்துபோகும். உச்சரிப்பைக் கேட்டு ஒருவன் திருப்பிச் சொல்லிக் காட்டியது ஆண்டு முழுக்க மறக்காது.

பதற்றமும் சலிப்பும் மிகுந்த மனநிலையில் காதில் விழும் மொழி உள்ளே இறங்காது என்பதை மொழியியலாளர் ஸ்டீபன் க்ராஷன் 'உணர்ச்சி வடிகட்டி' என்று விளக்கினார். அதை அளந்து நிரூபிக்க முடியாது என்ற விமர்சனம் உண்டு. ஆனாலும் வகுப்பில் நிற்பவருக்கு அந்த உருவகம் உதவும். பிள்ளை கேட்கவில்லை என்று கோபப்படுவதற்கு முன், கேட்கும் நிலையில் இருக்கிறதா என்று யோசிக்க வைக்கும்.

இதைவிட ஆழமான சிக்கலைக் குழந்தை மொழி ஆய்வாளர் பேட்டன் டேபர்ஸ் சுட்டிக்காட்டினார். நண்பர்கள் கிடைக்க மொழி வேண்டும், மொழி கிடைக்க நண்பர்கள் வேண்டும். இந்த இரட்டை முடிச்சைப் பிள்ளை தனியாக அவிழ்க்க முடியாது. வெளியிலிருந்து யாராவது ஒரு நுனியைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு வேலையைத்தான் செய்கின்றன.

படி 1: இரண்டு வாரம் வெறுமனே பாருங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு தாளில் வகுப்பின் படம் வரைந்து, இடைவேளையிலும் குழு வேலையிலும் யார் யாரிடம் திரும்பிப் பேசுகிறார்கள் என்று அம்புக்குறி போடுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். இரண்டு வாரத்தின் முடிவில் அந்தத் தாள் உங்களைத் திடுக்கிட வைக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒன்றின் மேல் ஓர் அம்புகூட விழுந்திருக்காது. ஆங்கிலமே தெரியாது என்று நீங்கள் நினைத்த ஒருவனைச் சுற்றி ஐந்து அம்புகள் இருக்கும், ஏனென்றால் அவன் பந்தை நன்றாக உதைப்பவன்.

அதோடு உணர்வுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எந்தப் பிள்ளையும் வந்து சொல்லாது. பயம் வேறு வேடத்தில் வரும். வாசிப்பு நேரத்தில் தவறாமல் வரும் வயிற்று வலி. தன் முறை நெருங்கும்போது கழிப்பறைக்கு அனுமதி. முனை கூராக இருந்தும் மறுபடி மறுபடி சீவப்படும் பென்சில். எல்லாக் கேள்விக்கும் புன்னகை. சில பிள்ளைகள் கோமாளி வேடம் போடுவார்கள். மற்றவர்கள் தங்கள் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் தாங்களே சிரிப்பை வரவழைத்துவிடும் உத்தி அது. சில பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள், பிடுங்குவார்கள். 'அது என்னுடையது, கொடு' என்று சொல்லத் தெரியாதபோது கைதான் பேசும். அடித்த பிள்ளையைத் தண்டிக்கும் முன், அந்த நொடியில் அவன் சொல்ல நினைத்தது என்ன, அதற்கு அவனிடம் சொல் இருந்ததா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மௌனத்தைக் கண்டு கலங்க வேண்டாம். புதிய மொழிக்குள் வரும் சிறு குழந்தைகள் பலர் கடந்து செல்லும் நிலைகளை டேபர்ஸ் வரிசைப்படுத்தியிருக்கிறார்: முதலில் வீட்டு மொழியிலேயே பேசிப் பார்ப்பார்கள். யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திச் சைகையால் சமாளிப்பார்கள். பிறகு ஒற்றைச் சொற்களும் மனப்பாடமான சிறு தொடர்களும் வரும். அதன் பிறகே சொந்தமாக வாக்கியம் கட்டுவார்கள். மௌன காலம் சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். அது வெறுமையான காலமும் அல்ல. முரியல் சாவில்-ட்ரோய்க் பிள்ளைகளின் உடையில் கம்பியில்லா ஒலிவாங்கியைப் பொருத்திப் பதிவு செய்து 1988-ல் வெளியிட்ட ஆய்வில், பேசாதவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளில் பலர் தங்களுக்குள் முணுமுணுத்து ஆங்கிலத்தை ஒத்திகை பார்த்தது தெரிய வந்தது. மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள், ஒலிகளோடு விளையாடினார்கள். உங்கள் வகுப்பில் உதடு மட்டும் அசையும் பிள்ளை இருந்தால் தொந்தரவு செய்யாதீர்கள். அங்கே வேலை நடக்கிறது.

படி 2: பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

சிறிய படி, ஆனால் தவறவே கூடாதது. பெற்றோரிடம் கேட்டு, பிள்ளையின் பெயரை அவர்கள் வீட்டில் அழைப்பது போலவே சொல்லப் பழகுங்கள். நாக்கு சுளுக்கினால் நாலு முறை சொல்லிப் பாருங்கள். நீங்கள் சுருக்கினால் வகுப்பும் சுருக்கும், பிறகு திரிக்கும், பிறகு அதுவே பட்டப்பெயராகும். ஆசிரியர் ஒரு கடினமான பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லி, திருத்திக்கொண்டு, மறுபடி முயல்வதை வகுப்பே பார்க்கட்டும். தவறு செய்து கற்பது எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

படி 3: ஆட்டத்துக்குள் நுழையக் கற்றுக்கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள்.

சமூகவியலாளர் வில்லியம் கோர்சாரோ பல ஆண்டுகள் மழலையர் பள்ளிகளில் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து அவர்கள் உலகத்தை ஆராய்ந்தவர். பிள்ளைகள் தங்களுக்குள் உருவாக்கிப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமான செயல்கள், பொருள்கள், மதிப்புகள், கவலைகள் ஆகியவற்றின் தொகுப்பையே அவர் சகாக்களின் பண்பாடு என்றார். பெரியவர்களின் உலகத்தை அவர்கள் அப்படியே நகலெடுப்பதில்லை. அதை எடுத்துத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றி வேறொன்று செய்கிறார்கள். அவர் கவனித்தவற்றில் ஒன்று நமக்கு மிக முக்கியமானது. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் சேர, 'நானும் வரலாமா?' என்று நேராகக் கேட்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் 'முடியாது' என்ற பதிலே கிடைக்கிறது. சிறுவர்களின் ஆட்டம் நூலிழையில் தொங்குவது. புதிதாக ஒருவர் வந்தால் அறுந்துவிடும் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் காக்கிறார்கள். அந்த 'முடியாது' எல்லா நேரமும் கொடுமை அல்ல.

உள்ளே நுழையத் தெரிந்த பிள்ளைகள் வேறு விதமாகச் செய்கிறார்கள். ஆட்டத்தைச் சுற்றி வந்து பார்க்கிறார்கள். என்ன நடக்கிறது என்று பிடிபட்டதும், பக்கத்தில் உட்கார்ந்து அதே செயலைத் தாங்களும் செய்யத் தொடங்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் அவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. இதில் மகிழ்ச்சியான செய்தி என்னவென்றால், இந்த வழிக்கு மொழி மிகக் குறைவாகவே தேவை.

நாம் என்ன செய்கிறோம்? புதிய பிள்ளைக்குக் 'கேன் ஐ ப்ளே வித் யூ?' என்ற அழகான வாக்கியத்தை மனப்பாடம் செய்வித்து அனுப்புகிறோம். அது போய்க் கேட்கிறது. 'நோ' என்கிறார்கள். கற்ற முதல் ஆங்கில வாக்கியத்துக்குக் கிடைத்த முதல் பதில் அது. அடுத்த ஒரு மாதம் அந்தப் பிள்ளை எதையும் கேட்காது.

மாற்றாக இப்படிச் செய்யுங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைச் சேர்ந்து பாருங்கள். அங்கே என்ன குறைகிறது என்று கண்டுபிடியுங்கள். கோபுரத்துக்கு நீளமான கட்டை வேண்டுமா? கடை விளையாட்டில் வாங்குபவர் இல்லையா? அந்தப் பொருளையோ வேடத்தையோ பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். 'இவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கட்டளையைவிட, அவள் கையில் இருக்கும் நீளக் கட்டை பலமானது. நீங்கள் கட்டளையிட்டால் உங்கள் கண்முன் சேர்த்துக்கொண்டு, நீங்கள் திரும்பியதும் காய் விட்டுவிடுவார்கள்.

இனி சொற்கள். பாடப்புத்தகம் நிறங்களையும் விலங்குகளையும் கற்பிக்கிறது. ஆட்டக்களத்தில் அவற்றுக்கு வேலையில்லை. அங்கே வேண்டியது இவை: 'மை டர்ன்', 'லுக்!', 'வெயிட் ஃபார் மீ', 'லெட் மீ ட்ரை', 'யூ கோ ஃபர்ஸ்ட்', 'ஸ்டாப் இட்', 'நாட் ஃபேர்'. இவற்றைத் துண்டு துண்டாக இலக்கணம் பிரித்துக் கற்பிக்க வேண்டாம். முழுத் தொடராக, சரியான ராகத்தோடு, நாடகம் போல நடித்துப் பழக்குங்கள். 'ஸ்டாப் இட்' என்பதைக் கெஞ்சலாகச் சொன்னால் யாரும் நிறுத்த மாட்டார்கள். நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழக வேண்டும்.

லில்லி வாங் ஃபில்மோர் 1976-ல் முடித்த ஆய்வு இங்கே பெரும் துணை. ஸ்பானிய மொழி பேசும் ஐந்து பிள்ளைகள் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளோடு விளையாடி எப்படி மொழியைப் பிடித்தார்கள் என்று ஓராண்டு பின்தொடர்ந்து கவனித்தார். அவர்கள் கையாண்ட சமூக உத்திகளாக அவர் கண்டவை மூன்று. கூட்டத்தில் சேர்ந்துகொள், புரியாவிட்டாலும் புரிந்தது போல இரு. கைவசம் உள்ள சில சொற்களைக் கொண்டே மொழி தெரியும் என்ற தோற்றத்தைக் கொடு. மீதிக்கு நண்பர்களை நம்பு. ஐவரில் மிக வேகமாக முன்னேறிய சிறுமி, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளோடு இருக்க மிகவும் ஆசைப்பட்டவள். புரிந்தது போல நடிப்பதைப் பெரியவர்களான நாம் ஏமாற்று என்று நினைப்போம். பிள்ளைக்கு அது நுழைவுச்சீட்டு. 'உனக்கு உண்மையில் புரிந்ததா?' என்று நண்பர்கள் முன்னால் கேட்டு அந்தச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். புரிந்ததா என்று பார்க்க வேண்டுமானால் தனியாகப் பார்க்கலாம்.

உணர்வுச் சொற்களுக்கும் இங்கேயே இடம் ஒதுக்குங்கள். 'ஹேப்பி', 'சேட்' இரண்டோடு நிறுத்திவிடுகிறோம். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு உண்மையில் ஏற்படுவது வெட்கம், ஒதுக்கப்பட்ட உணர்வு, பொறாமை, ஏக்கம், குழப்பம். இந்தச் சொற்கள் முதலில் வீட்டு மொழியில் வரட்டும், முகப்படங்களோடு வரட்டும், ஆங்கிலம் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

படி 4: யார் பக்கத்தில் யார்?

கெல்லீன் டூஹி கனடாவில் ஆங்கிலம் கற்கும் சிறுவர்களை மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார். அவர் கண்டது சாதாரணமான, யாருமே கேள்வி கேட்காத வகுப்பு விதிகளின் விளைவு. அவரவர் இடத்தில் உட்கார வேண்டும், அவரவர் பொருளையே பயன்படுத்த வேண்டும், அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. ஒழுங்குக்காக வைத்த விதிகள்தான் இவை. ஆனால் பென்சில் கடன் கேட்பது ஒரு பேச்சு. அடுத்தவர் வாக்கியத்தை எடுத்துச் சொல்வது புதிய மொழி கற்பவருக்கு மிக இயல்பான வழி. இரண்டையும் தடுத்துவிட்டால், பேசத் துணையற்ற பிள்ளை இன்னும் தனிமைப்படுகிறது. உதவி செய்வதற்காக ஆசிரியர் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கும் பிள்ளையும் அப்படித்தான் சகாக்களிடமிருந்து விலகிப்போகிறது.

ஆகவே முதலில் இருக்கையை மாற்றுங்கள். பேச்சுப் பிரியமும் பொறுமையும் உள்ள ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் வையுங்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை அதற்கு ஏற்றவர் என்று எண்ண வேண்டாம். அவர்கள் பல நேரம் பதிலைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இன்னொரு எச்சரிக்கை: 'குட்டி அம்மா' ஆகிவிடும் பிள்ளைகள் உண்டு. புதியவளைக் கைபிடித்து அழைத்துப் போவார்கள், அவளுக்காகப் பேசுவார்கள், பொம்மை போல நடத்துவார்கள். பார்க்க இனிமையாக இருக்கும். அவளுக்குப் பேசும் தேவையே இல்லாமல் போய்விடும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள்.

குழு வேலை தந்தாலே சேர்ந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எலிசபெத் கோஹன் தன் ஆய்வுகளில் மறுபடி மறுபடி காட்டியது இது: குழுவில் அதிகம் பேசிப் பங்கெடுப்பவரே அதிகம் கற்கிறார், யார் அதிகம் பேசுவது என்பதை வகுப்பில் அவரவருக்கு இருக்கும் மதிப்பே தீர்மானிக்கிறது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையின் கணக்குத் திறமையைக்கூட மற்றவர்கள் குறைத்தே எடைபோடுவார்கள். இதை மாற்ற அவர் தந்த வழி எளிது. வேலையைப் பல திறமைகள் தேவைப்படும்படி அமையுங்கள்: வரைய, அளக்க, கட்ட, வரிசைப்படுத்த. அந்தப் பிள்ளை அதில் எதையாவது உண்மையிலேயே நன்றாகச் செய்யும் நொடியில், எல்லோர் காதிலும் விழும்படி, குறிப்பாகச் சொல்லுங்கள். "இவள் முதலில் அடித்தளத்தை அகலமாக வைத்தாள், அதனால்தான் பாலம் நிற்கிறது. பாலம் பற்றிச் சந்தேகம் வந்தால் அவளிடம் கேளுங்கள்." பொய்ப் பாராட்டு கூடாது. பிள்ளைகள் அதை உடனே மோப்பம் பிடிப்பார்கள், அவள் நிலை முன்பைவிட மோசமாகும்.

எலியட் ஆரன்சன் 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் உருவாக்கிய 'துண்டுப்புதிர்' முறையையும் முயலலாம். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஒருவரின் துண்டு அவர் வாயிலிருந்து மட்டுமே மற்றவருக்குக் கிடைக்கும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட ஒரு சிறுவன் தன் துண்டைச் சொல்லத் திணறியபோது குழுவினர் கேலி செய்ததை ஆரன்சன் விவரித்திருக்கிறார். கவனித்துக்கொண்டிருந்த உதவியாளர் கண்டிக்கவில்லை. கேலி செய்தால் அவனிடமுள்ள பகுதி உங்களுக்குத் தெரியாமலே போகும், சீக்கிரமே தேர்வு வரப்போகிறது என்று மட்டும் சொன்னார். கேலி மெல்லக் குறைந்தது. சில நாட்களில் அவனிடம் நல்ல கேள்விகள் கேட்டு விஷயத்தை வரவழைக்கக் கற்றுக்கொண்டார்கள். அறிவுரையால் வராத மரியாதை தேவையால் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: தன் துண்டை முன்கூட்டியே ஒத்திகை பார்க்க அந்தப் பிள்ளைக்கு நேரம் கொடுங்கள். அதே துண்டை வேறு குழுக்களில் வைத்திருப்பவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்யட்டும்.

படி 5: சிரிப்பைக் கையாளுதல்

சிரிப்பில் பல வகை. சொல் உண்மையிலேயே வேடிக்கையாக ஒலித்ததால் எழும் சிரிப்பு ஒன்று. சொன்ன பிள்ளையும் சேர்ந்து சிரித்தால் அதை விட்டுவிடலாம், மொழி விளையாட்டுக்கும் வகுப்பில் இடம் வேண்டும். சங்கடத்தைச் சமாளிக்க வரும் சிரிப்பு இன்னொன்று. மூன்றாவது, உச்சரிப்பைத் திருப்பிச் செய்து காட்டும் சிரிப்பு. அதை ஒரு முறைகூடக் கடந்துபோக விடாதீர்கள்.

அந்த நொடியில் நீளமாகப் பேச வேண்டாம். குரலை உயர்த்தாமல் "அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அவளிடம் திரும்புங்கள். எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்க வைத்தால் கவனம் முழுக்க அவள் மேல் குவியும். அவள் விரும்பாதது அதுதான். சிரித்த பிள்ளையிடம் பிறகு தனியாகப் பேசுங்கள். "உனக்கு மூன்று மொழிகளில் ஒரு வாக்கியம் சொல்லத் தெரியுமா? அவளுக்குத் தெரியும்" என்பது போன்ற ஒப்பீட்டைவிட, "நீ தடுமாறியபோது யாராவது சிரித்திருக்கிறார்களா, அப்போது உனக்கு எப்படி இருந்தது?" என்ற கேள்வி ஆழமாக இறங்கும். பல நேரம் சிரிக்கும் பிள்ளையும் இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் நின்றதாக இருக்கும்.

வகுப்புக்கே ஒரு திறமையைக் கற்றுக்கொடுங்கள்: ஒருவர் சொல் தேடும்போது என்ன செய்ய வேண்டும்? காத்திருக்க வேண்டும். அவர் கேட்டால் மட்டும் சொல் கொடுக்க வேண்டும். வாக்கியத்தைப் பறித்து முடித்துவிடக் கூடாது. இதை நடித்துப் பழகலாம். ஏழு வயதுப் பிள்ளைகள்கூட அருமையாகச் செய்வார்கள், பெரியவர்களுக்குத்தான் இது கஷ்டம்.

படி 6: கேட்கும்போதும் திருத்தும்போதும்

மேரி பட் ரோ வகுப்பறைகளை அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக 1 நொடி அளவே காத்திருந்தார்கள். அதை 3 நொடி அல்லது அதற்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். புதிய மொழியில் கேட்டு, புரிந்து, விடையை உருவாக்கி, மனதுக்குள் மொழிபெயர்க்கும் பிள்ளைக்கு 3 நொடியும் போதாது. பத்து வரை மனதில் எண்ணுங்கள். அதற்கும் முன், பக்கத்துப் பிள்ளையிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்க விடுங்கள். ஒரு காதுக்குச் சொன்னதை முப்பது காதுக்குச் சொல்வது எளிது.

வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி வாய்விட்டு வாசிக்கச் சொல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தன் பத்தி எது என்று எண்ணிக்கொண்டு, இதயம் படபடக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளை மற்ற எந்தப் பத்தியையும் கேட்பதில்லை.

திருத்தம் பற்றி ஒரு நுட்பம். ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து 1997-ல் எழுதினார்கள். பிள்ளையின் பிழையான வாக்கியத்தை ஆசிரியர் தானே சரியாகத் திருப்பிச் சொல்வதுதான் அங்கே திருத்தங்களில் 55 சதவீதம். அவற்றில் 31 சதவீதத்துக்குத்தான் மாணவர்களிடமிருந்து ஏதேனும் எதிர்வினை வந்தது. மென்மையானது, ஆனால் கவனிக்கப்படாமல் நழுவிவிடும் என்று பொருள். என் வழி இது: எல்லோர் முன்னும் பேசும்போது அந்த மென்மையான முறையே போதும், அல்லது திருத்தமே வேண்டாம். 'ஹீ கோ' என்று சொன்னதை யோசித்துத் தானே சரிசெய்ய வைக்கும் தூண்டுதலைத் தனியாகவோ இரண்டு பேர் குழுவிலோ வைத்துக்கொள்ளுங்கள். கருத்துக்குப் பதில் சொல்லுங்கள் முதலில். 'நாய் செத்துப்போச்சு' என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொல்லும் பிள்ளைக்கு இறந்தகால வினை இப்போது தேவையில்லை.

படி 7: வீட்டு மொழிக்கு வாசலைத் திறந்து வையுங்கள்

ஒரே வீட்டு மொழி பேசும் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் ஆங்கிலம் வராது என்று பிரிப்பவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். நாள் முழுக்க ஊமையாக இருந்த பிள்ளைக்கு, நகைச்சுவை சொல்லவும் சண்டை போடவும் கெட்டிக்காரியாக இருக்கவும் கிடைக்கும் அரை மணி நேரம் அது. அங்கே தெம்பு பெற்றுத்தான் ஆங்கிலம் பேசும் வட்டத்துக்குப் போகிறது. ஆனால் மாதக்கணக்கில் அந்த ஒரு வட்டத்தைவிட்டு வெளியே ஓர் அம்புகூடப் போகவில்லை என்றால், பிரிக்காமல், அந்த வட்டத்துக்குள் மற்றவரைக் கொண்டுவரும் வேலைகளைத் தாருங்கள்.

மறுபக்கம், வீட்டு மொழியைக் கண்டு வெட்கப்படத் தொடங்கும் பிள்ளை. வாசலில் அம்மா கூப்பிட்டால் கேட்காதது போல நடப்பது, வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வது. பள்ளியில் எந்த மொழிக்கு மதிப்பு என்பதைச் சகாக்கள் சொல்லாமலே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கணக்கை வீட்டு மொழியில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதலாம், கதையை இரு மொழியிலும் சொல்லலாம் என்று நீங்கள் வெளிப்படையாக அனுமதித்தால் அந்த மதிப்பு மாறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓரளவு ஆங்கிலம் வந்த பிள்ளையை எல்லோருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். வழி சொல்ல, விளையாட்டு விதி சொல்ல என்றால் பெருமையாகச் செய்யும். இன்னொரு பிள்ளையின் தண்டனையையோ, ஒரு குடும்பத்தின் கஷ்டத்தையோ மொழிபெயர்க்க வைப்பது எட்டு வயதின் தோளில் வைக்கக் கூடாத சுமை.

படி 8: வயது ஏற ஏற மாறும் கணக்கு

ஐந்து வயதில் பொம்மை இருந்தால் நட்பு. ஒன்பது பத்து வயதில் யாருடைய பேச்சு யாரைப் போல இருக்கிறது என்பது பெரிய விஷயம். அப்போது ஒரு புதிய சிக்கல் முளைக்கும்: நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளையை அதே வீட்டு மொழிக்காரர்கள் 'பெரிய இவ' என்று கிண்டல் செய்வார்கள். அதனால் தெரிந்தே தன் உச்சரிப்பைத் தாழ்த்திக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பின் நடுவே 'எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் பாருங்கள்' என்று நீங்கள் புகழ்ந்தால் அவளை மாட்டிவிடுகிறீர்கள். தாளில் எழுதிக் கொடுங்கள்.

இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சுட்டிக்காட்டிய இடைவெளியும் இந்த வயதில்தான் கடிக்கும். அன்றாடப் பேச்சு ஆங்கிலம் சுமார் 2 ஆண்டுகளில் வந்துவிடும், பாடத்துக்கான ஆங்கிலம் சக மாணவர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். மைதானத்தில் சரளமாகச் சண்டை போடும் பிள்ளை அறிவியல் பாடத்தில் திகைத்து நிற்கும். 'இவனுக்கு ஆங்கிலம் தெரியும், சோம்பேறித்தனம்' என்ற முத்திரை விழுவது இங்கேதான். முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிட முரடன் என்று பெயர் வாங்குவதே மேல் என்று அந்தப் பிள்ளை முடிவெடுத்துவிடும். சகாக்களிடம் முரடனுக்கு மதிப்பு உண்டு.

படி 9: வீட்டோடு பேசுதல்

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது இரண்டுதான். வீட்டில் உங்கள் மொழியிலேயே தாராளமாகப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். 'இன்றைக்கு இங்கிலீஷில் பேசினாயா?' என்று தினமும் விசாரிப்பதற்குப் பதில் 'இன்றைக்கு யாரோடு விளையாடினாய்?' என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு வகுப்புத் தோழியை விடுமுறை நாளில் வீட்டுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஒரு மாலை சேர்ந்து விளையாடினால் திங்கட்கிழமை வகுப்பில் அதன் பலன் தெரியும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

மௌன காலத்தில் இருக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் பேசாது, ஆனால் கண்ணால், கையால் உறவாடும், வீட்டு மொழி தெரிந்தவரிடம் பேசும். வீட்டில் கலகலப்பாக இருந்துவிட்டு, பள்ளியில் தன் வீட்டு மொழிக்காரரிடம்கூட மாதக்கணக்கில் பேசாமல், உடல் விறைத்து, சைகையும் செய்யாமல் இருந்தால் அது 'செலெக்டிவ் மியூட்டிசம்' எனப்படும், சில சூழல்களில் மட்டும் பேச முடியாமல் போகும் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பள்ளி தொடங்கிய முதல் மாத மௌனத்தையோ, மொழி தெரியாததால் வரும் மௌனத்தையோ மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வருவதில்லை. அதனால் இரு மொழிச் சூழலை அறிந்த உளவியலாளரிடமோ பேச்சு மொழி வல்லுநரிடமோ காட்டுவது அவசியம். வீட்டிலும் பேச்சு பிந்தியிருந்தால், முதலில் கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று பள்ளிக்கு வர மறுத்தால், மொழியை விட்டுவிட்டு, யாராவது துன்புறுத்துகிறார்களா என்று முதலில் தேடுங்கள். சொல்லத் தெரியாத பிள்ளையைத்தான் துன்புறுத்துபவர்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

கடைசிப் படி: தாளை மறுபடி வரையுங்கள்

எட்டு வாரம் கழித்து, முதல் தாளைப் பார்க்காமல், புதிய தாளில் அம்புகளைப் போடுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை ஆங்கில வாக்கியம் பேசினாள் என்று எண்ண வேண்டாம். அவள் பக்கம் எத்தனை பேர் திரும்புகிறார்கள், அவள் எத்தனை பேர் பக்கம் திரும்புகிறாள் என்று எண்ணுங்கள். பூஜ்யம் ஒன்றாகியிருந்தால் அது பெரிய மாற்றம், அந்த ஒருவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாறவில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள், வேறு பொருள், வேறு வேடம், வேறு கூட்டாளி.

அதற்கிடையே ஒரு நாள் அந்தச் சிறுமி கோபுரத்தின் முன் எழுந்து நின்று, முகம் சிவக்க, 'நாட் ஃபேர்! மை டர்ன்!' என்று கத்தலாம். ஓடிப்போய்ச் சமாதானம் செய்யாதீர்கள். பதிலுக்கு அந்த மூவரில் ஒருவர் கட்டையை அவள் பக்கம் நகர்த்துகிறாரா என்று பாருங்கள், அன்றைய தேதியைப் போட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.